எந்தக் கொடியிலும் இல்லாத ரோஸ்

கொட்டாரத்தில் பிளெக்ஸ் அடித்துப் பிழைக்கிறவன் நான், பெயர் ஜாஸ்பர். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை இந்தச் சுற்றுவட்டாரத்து முகங்கள் எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் ரோட்டுக்கு வந்திருக்கின்றன. வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான்: "அண்ணே, நல்லா பளிச்சுன்னு இருக்கணும்." பளிச்சென்று வேண்டுமானால் டியூப்லைட் வாங்கி மாட்டுங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு மஞ்சளுக்கு மேல் சிவப்பு எழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்புவேன்.

ஜங்ஷனில் ஒரு பேக்கரி இருக்கிறது. போர்டு ஊதா, பை பச்சை, வண்டி சிவப்பு. போன வருஷம் எல்லாம் வேறு நிறம். கேட்டால் "வெரைட்டி வேணும்லா" என்கிறார் முதலாளி. காலையில் ஒரு முகம், சாயங்காலம் ஒரு முகம் என்று வைத்துக்கொண்டு திரிந்தால் பெற்ற தாயே வாசலில் நிறுத்தி யாரென்று கேட்பாள். இது அவருக்குப் புரியாது. எனக்குத் தெரிந்து இந்த ஊரில் விடாப்பிடியாக ஒரே முகத்தை வைத்திருந்த கடை ஒன்றுதான். அது கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் பூங்கனி அக்காவின் கடை.

போர்டில் இருந்த பெயர் பெத்தேல் ஸ்டோர்ஸ். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ரோஸ் கடை என்றால் பஸ்ஸில் இருக்கிறவர்கூட ஜன்னல் வழியே கை காட்டுவார். நாற்காலியின் முதுகில் ரோஸ் பட்டை, மேசைக் காலில் ரோஸ் பட்டை. பாயசம் காய்ச்சும் பெரிய வெண்கல வார்ப்பின் கழுத்தில், சோற்று அண்டாவில், அகப்பையின் காம்பில், பந்தல் கம்பின் நுனியில், சாமான் ஏற்றும் வண்டியின் கதவில் எல்லாம் அதே ரோஸ்.

அழகுக்காக ஆரம்பித்தது அல்ல அது. கல்யாண வீட்டில் இரண்டு மூன்று வாடகைக் கடைச் சாமான்கள் கலந்து கிடக்கும். பந்தி முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று பிரிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு கடைக்காரரும் தன் சாமானில் ஒரு நிறத்தைத் தீட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பூங்கனி அக்காவின் கணவர் ஞானசிங் அண்ணன் கடை தொடங்கியபோது பச்சைதான் அடித்தார். அகஸ்தீஸ்வரத்தில் கடை வைத்திருந்த நாராயணபெருமாளும் பச்சை. திற்பரப்பில் ஒரு கல்யாணத்துக்கு இருவரின் சாமானும் போய்ச் சேர்ந்தது. முடிந்ததும் ஒரு வார்ப்புக்கு இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெண் வீட்டார் சமாதானம் பேசிப் பார்த்து, முடியாமல், அருவியில் குளிக்கப் போய்விட்டார்கள்.

வார்ப்பு நாராயணபெருமாளோடு போயிற்று. ஞானசிங் அண்ணன் வெறுங்கையோடு வீடு வந்தார். அப்போது பூங்கனி அக்கா கல்யாணமாகி வந்த புதிது. சங்கதியைக் கேட்டுவிட்டு, "நம்ம நிறத்த மாத்துவோம். ரோஸ் அடிப்போம்" என்றாள்.

"ஏட்டி, ஆம்பிளை கடை வைக்கேன். ரோஸ் அடிச்சா ஊருல தல காட்ட முடியுமா?"

"பின்ன எத அடிப்பிய? சிவப்பு அடிச்சா ஒரு கட்சி. காவி அடிச்சா இன்னொண்ணு. நீலம் அடிச்சா மாதா கோயிலுக்க சாமானாக்கும்னு சொல்லுவாவ. பச்சை நாராயணபெருமாள் அண்ணனுக்கு. நமக்கு எல்லா வீட்டுக்கும் போவணும்லா? ரோஸு எந்தக் கொடியில இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

அண்ணன் யோசித்துப் பார்த்தார். ஒரு கொடியும் அகப்படவில்லை. மறுநாள் வெள்ளை எனாமலும் சிவப்பு எனாமலும் வாங்கி வந்து, பனைமட்டையை வைத்துக் கலக்கினார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டை ஊரே பேசும். "என்ன வேய், சாமானுக்கெல்லாம் சடங்கு கழிச்சாச்சா?" என்று நாராயணபெருமாள் சந்தையில் வைத்துக் கேட்டார். டீக்கடையில் ரோஸ் ஞானசிங் என்று பெயர் வைத்தார்கள். சர்ச்சிலும் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. முதல் வருஷம் அண்ணன் தலை குனிந்துதான் நடந்தார். இரண்டாம் வருஷம் என்ன நினைத்தாரோ, ரோஸ் நிறத்தில் துணி எடுத்து ஒரு முழுக்கைச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு அதே டீக்கடை வாசலில் போய் நின்றார். அன்றோடு கேலி பாதி நின்றுவிட்டது. மீதி பாதி செல்லமாகிப் போனது. எனக்கு அந்தச் சட்டை நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூரத்தில் லாரிமேல் ஒரு ரோஸ் புள்ளி தெரிந்தால், அன்றைக்கு யார் வீட்டிலோ கல்யாணம், நமக்குப் பாயசம் என்று அர்த்தம். இப்போதும் அந்த நிறத்தை எங்கே கண்டாலும் என் நாக்கில் அடைப்பிரதமன் இனிக்கிறது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, கல்யாணமில்லாத ஆடி மாதத்தில், கடைக்குப் பின்னால் தென்னை நிழலில் சாமானை எல்லாம் இறக்கிப் போட்டு மறுபடி தீட்டுவார்கள். அண்ணன் கலக்குவார், அக்கா தீட்டுவாள். அளவு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் கண்மதிப்புதான். கலக்கி முடித்ததும் மட்டையைத் தூக்கிச் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம்தாட்டி சரியா வந்திருக்கு" என்பார். எல்லா வருஷமும் இதையேதான் சொல்வார். ஒரு வருஷமும் போன வருஷத்து ரோஸ் வராது. ஒன்று சிவப்பு கூடும், இல்லை வெள்ளை கூடும். தீட்டுகிற கையும் ஒரே வேகத்தில் ஓடாதல்லவா, ஆடி முடிந்து ஆவணி பிறந்தாலும் பாதிச் சாமான் பழைய நிறத்திலேயே நிற்கும். அது அடுத்த வருஷத்துக்கு; சிலது அப்படியே எத்தனையோ வருஷம் தள்ளிப்போகும்.

சுனாமி வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் வார்ப்பும் அண்டாவும் எடுத்துக் கொடுத்தார்கள். வாடகை பேசவில்லை, யாருக்குக் கொடுத்தோம் என்றும் பார்க்கவில்லை. கடற்கரை முழுக்கக் கஞ்சி காய்ச்சிய நாட்கள் அவை. போனது போனதுதான் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முகமறியாத ஆட்கள் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "ரோஸு பாத்தோம், உங்களுதாக்கும்னு தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா இந்தக் கதையை எனக்கு நூறு தடவை சொல்லியிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் குரல் உடையும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனியில் அண்ணன் போய்விட்டார். புது நாற்காலி வந்து இறங்கியிருந்தது. அதற்காக வழக்கத்துக்கு மாறாக ஆடிக்கு முன்பே ஒரு டின் பெயிண்ட் கலக்கி மூடி வைத்தார். அக்கா அன்று சபை மாநாட்டுக்குப் போயிருந்தாள். போன் செய்து, "இந்தத் தடவதாட்டி சரியா வந்திருக்கு, வந்து பாரு" என்றாராம். அவள் வந்து சேர்வதற்குள் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து அவர் வீடு திரும்பவில்லை.

அந்த டின்னை அக்கா திறக்கவே இல்லை. மூடிமேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கயிறு கட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டாள். சுமைக்காரர்கள்கூட அதன்மேல் கை வைக்க மாட்டார்கள். புது நாற்காலிகளுக்கு நிறம் தீட்டவில்லை. அதற்குப் பிறகு வாங்கிய எதற்கும் தீட்டவில்லை. ஒருமுறை நான் கேட்டேன்.

"தொறந்தா தீந்து போவும் மக்கா" என்றாள்.

மகள் அஜிஷா துபாயில் விழா நடத்திக் கொடுக்கும் கம்பெனியில் இருந்தவள். அப்பா போன பிறகு வேலையை விட்டு வந்து கடையைப் பார்க்க ஆரம்பித்தாள். நல்ல பிள்ளை. ஆனால் ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல் வரும். ஒருநாள் என் கடைக்கு வந்து நின்றாள்.

"மாமா, அப்பா அறியாமலே ஒரு பிராண்டு உண்டாக்கி வச்சிருக்காரு. நாம அத ஒழுங்குபடுத்தணும். கடைக்குப் பேரே இனி ரோஸ் கடைதான். போர்டு, வண்டி, கார்டு, ஆளுங்க போடுக டீ சர்ட்டு, சேரு, பாத்திரம், ஒக்க ஒரே ரோஸு. நீங்கதான் செஞ்சு தரணும்."

பளிச்சென்று வேண்டும் என்று சொல்லாத முதல் வாடிக்கைக்காரி. எனக்குக் கண் கலங்காத குறை.

அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. இப்போது வீட்டு முற்றத்தில் யார் கல்யாணம் வைக்கிறார்கள்? எல்லாம் ஆடிட்டோரியம்தான். பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டியிருந்த மகேஷ்குமார், சாமானுக்கு ஒரே கடையை நிரந்தரமாக வைத்துக்கொள்ள நினைத்தார். அவர் அண்ணனுக்கு வேண்டியவர். அக்காவிடம் நேரில் வந்து சொன்னார்.

"அக்கா, குறை சொல்லுகேன்னு நினைக்காதிய. வீடியோவுல பாத்தா பின்வரிச முழுக்க ஏழெட்டு ரோஸு நிக்குது. பாதி சேருக்கு ஒண்ணுமே இல்ல. கண்ணுக்கு உறுத்துது. ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்குங்க. இல்லேன்னா நாகர்கோவில்ல ஒரு கம்பெனி வெள்ளச் சேரோட நிக்குது. எனக்கும் வேற வழியில்ல."

அந்த ஆடிட்டோரியம் போனால் ரோஸ் கடையும் போகும். இது அக்காவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

ஆடி பிறந்ததும் அஜிஷா சாமானை எல்லாம் பின்முற்றத்தில் இறக்கி, வெளிறியதிலிருந்து அழுத்தமானது வரை வரிசையாக நிறுத்தினாள். இவ்வளவு நாளும் ஒரே நிறம் என்று நான் சத்தியம் செய்துகொண்டிருந்த ரோஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தலை சுற்றிற்று. ஒன்று செம்பருத்தி, ஒன்று கொய்யாப்பழத்தின் உள்ளே இருக்கிற நிறம், ஒன்று சவ்வுமிட்டாய். இந்த லட்சணத்தைத்தான் ஒரே முகம் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன்!

"இதுல ஒண்ணச் சொல்லும்மா" என்றாள் அஜிஷா. "பெயிண்ட் கடையில மிஷின் இருக்கு. நிறத்தக் காட்டினா கணக்கு எடுத்துத் தரும். பெறவு எப்ப போனாலும் அச்சு அசலா அதே ரோஸு கிடைக்கும்."

அக்கா வரிசையில் நடந்தாள். ஒவ்வொன்றாகத் தொட்டாள். "இது நீ பொறந்த வருஷம். சந்தோஷத்துல வெள்ளய அள்ளிக் கொட்டிட்டாவ. இது சுனாமிக்கு அடுத்த ஆடி. ஒரு சிரிப்பில்லாம கலக்கினது, அதான் இப்படிக் கறுத்துக் கிடக்கு. இது ஒக்கி புயல்ல கூரை பறந்த வருஷம்." நடந்து முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து நடந்தாள். எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

எனக்குப் பொறுமை கம்மி. "அக்கா, மாப்பிள்ளை பாக்கது மாதிரி ஒவ்வொண்ணா தள்ளினா கடசில ஒண்ணும் கிடைக்காது" என்றேன். அவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

அப்படியே பத்து நாள் ஓடியது. சாமான் முற்றத்தில் கிடந்து சாரலில் நனைந்தது. மகேஷ்குமார் இரண்டு தடவை போன் செய்தார். தாயும் மகளும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் நான் போர்டுக்கு அளவெடுக்கப் போனபோது அது வெடித்துவிட்டது.

"உனக்குக் கடை வேணுமா, கலரு வேணுமாம்மா?"

"ரெண்டும் ரெண்டாட்டா இருக்கு?"

"ஒண்ண எடுக்காம எப்படி? எதையாவது எடும்மா!"

"ஒண்ண எடுத்தா மத்ததுக்கு மேல ஒக்க அடிச்சு மூடணும்லா?" அக்காவின் குரல் ஏறியது. "அவிய கைபட்டது இந்த முத்தத்துலதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல. அவிய போட்டோவுல இருக்கல்ல, கல்லறையில இருக்கல்ல, இதுலதான் இருக்காவ. இத மறைச்சா எனக்கு என்னட்டி மிச்சம்?"

அஜிஷா தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். கோபம் போய்விட்டது. வேறு குரலில் கேட்டாள்.

"அம்மா, அப்பா பெயிண்ட் கலக்கும்போ நான்தானே டின்னு பிடிப்பேன். ஓர்ம இருக்கா?"

"இருக்கு."

"போன வருஷத்து மிச்சத்தப் புதுசுல கவுத்துவாரு. நான் டின்னத் தலகீழாப் பிடிச்சிட்டு நிப்பேன், கை கடுக்கும். எதுக்குப்பா, புதுசு மட்டும் போதாதான்னு கேப்பேன்."

அக்கா முகம் இளகிற்று. "ஒறை ஊத்தாம பாலு தயிராவுமான்னு சொல்லுவாவ."

"எல்லா வருஷமும் ஊத்துவாருல்லா? ஒரு வருஷமும் விடாம?"

"விட்டதே இல்ல."

"அப்ப அந்தக் கடசி டின்னுல எல்லா வருஷமும் இருக்கேம்மா."

அக்கா எழுந்து உள்ளே போனாள். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது டின்னை இடுப்பில் பிள்ளையைப் போல வைத்திருந்தாள்.

எனாமலைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவன் நான். கலக்கிய டின் நாலு வருஷம் கிடந்தால் கல்லாகிப்போக வாய்ப்பு அதிகம். திறந்து பார்த்து உள்ளே வெறும் கட்டியாக இருந்தால் இந்த மனுஷியை யார் தேற்றுவது? திறக்க வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா கயிற்றை அவிழ்த்தாள். ஸ்க்ரூடிரைவரை மூடியின் விளிம்பில் கொடுத்து நெம்பினாள். மூடி எழும்பியது. உள்ளே பழுப்பாக, சுருங்கி, காய்ந்த ஒரு தோல். ஈரம் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அஜிஷா வாயில் கை வைத்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"தள்ளு" என்று அக்கா ஸ்க்ரூடிரைவரைத் தோலின் நடுவில் இறக்கினாள். தோல் கிழிந்தது. கிழிந்த இடத்தில் ரோஸ் மெல்லப் பொங்கி மேலே வந்தது.

கூடவே டர்பன்டைன் வாசனையும் வந்தது. ஆடி மாதத்து வாசனை அது. அக்கா தோலைச் சுருட்டி எடுத்துப் போட்டாள், ஒரு பனைமட்டையைச் சீவி உள்ளே விட்டு அடியிலிருந்து கலக்கினாள். பிறகு அண்ணன் செய்வதுபோலவே மட்டையைத் தூக்கிப் பிடித்துச் சொட்டுவதைப் பார்த்தாள்.

"சரியா வந்திருக்காம்மா?" என்றாள் அஜிஷா.

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "எங்க சரியா வந்திருக்கு? சிவப்பு கூடிப்போச்சு. வந்து பாருன்னு விளிச்சாவ, பொய்யி!" முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இதுதாம் மக்களே. இத எடுத்துக்கோ."

மறுநாள் மூன்று பேரும் நாகர்கோவிலில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனோம். தீட்டிக் காயவைத்த ஒரு தகட்டை மிஷினில் வைத்தார்கள். கணக்கு வந்தது. கல்லாவில் இருந்த பெண் கேட்டாள், "இந்தக் கலர சேவ் பண்ணணும். என்ன பேரு போட?"

"ரோஸ் கடைன்னு போடுங்க" என்றாள் அஜிஷா.

"வேண்டாம்" என்றாள் அக்கா. "ஞானசிங்னு போடு பிள்ளே."

புது டின்கள் வந்தன. எல்லாவற்றிலும் சின்ன ஸ்டிக்கர், அதில் ஞானசிங். பழைய டின்னில் இருந்ததில் பாதியை அக்கா புதியதில் உறையாக ஊற்றினாள். மிஷினின் கணக்கு கெட்டுப்போகும் என்று நான் தடுத்தேன். அதே நிறம்தானே, எப்படிக் கெடும் என்றாள் அவள். பழைய பட்டைகளின்மேல் முதல் கோட்டை அவளே இழுத்தாள். ஆடி முடிவதற்குள் நாற்காலி, வார்ப்பு, வண்டி, என் போர்டு எல்லாம் ஒரே ரோஸுக்கு வந்தன. ஆவணி முதல் முகூர்த்தத்தில் ஆடிட்டோரியத்தின் பின்வரிசையில் நின்று பார்த்தேன். எனக்கு நாக்கில் பாயசம் இனித்தது, இன்னும் பந்தி தொடங்கவே இல்லை.

போன மாதம் அக்கா தனியாகவே அந்தப் பெயிண்ட் கடைக்குப் போய் வந்தாள். வரும் வழியில் என் கடைக்குள் ஏறி, ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெயிலில் வந்த களைப்பாக்கும் என்று தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"மக்கா, பில்லு போட்டுட்டு அந்தப் பிள்ள உள்ள பாத்து, 'ஞானசிங்க வெளிய கொண்டு வாங்க'ன்னு விளிச்சா. நான் அறியாம எந்திரிச்சு நின்னுட்டேன்."